நான்காவது கொக்கி

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இர்மெலி ஸ்டூடியோ விளக்கைப் போட்டபோது, புதுப் பெட்டியின் நெற்றியில் பதித்திருந்த குட்டி வெப்பமானி முப்பத்தாறு புள்ளி ஆறு என்று காட்டியது.

கோட்டைக் கழற்றப் போன கை அப்படியே நின்றது. முந்தின நாள் சாயங்காலம் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களையும் அவளே அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த இயந்திரங்கள் விடிவதற்குள் அறையின் குளிருக்கு இறங்கியிருக்க வேண்டும். அறையில் இருபத்தொரு டிகிரி. பெட்டிக்குள் மட்டும் முப்பத்தாறு புள்ளி ஆறு. கண்ணாடியை நகத்தால் சுண்டிப் பார்த்தாள். எண் அசையவில்லை.

பெட்டி வந்து ஒரு நாள்தான் ஆகிறது. அதைச் செய்யச் சொன்னதே வேறு வழியில்லாமல்தான். தம்பெரே நகரத்துப் பழைய நூற்பாலையின் அடித்தளத்தில், பத்தொன்பது வருஷமாக இர்மெலி ஒலிப் புத்தகம் பதிவு செய்து பிழைக்கிறாள். மேலே ஓட்டலும் அலுவலகங்களும் வந்துவிட்டன. கீழே அவள் மட்டும் செங்கல் சுவருக்குள் ஒரு மைக்கோடும், ஒரு கண்ணாடித் தடுப்போடும், ஓயாமல் இரைகிற இரண்டு கம்ப்யூட்டர்களோடும் இருந்தாள். அந்த இரைச்சல் அவள் காதுக்குப் பழகிவிட்டது. பதிப்பகத்தின் காதுக்குப் பழகவில்லை. புது நாவலின் மூன்று அத்தியாயங்களை, ‘பின்னணியில் விசிறிச் சத்தம்’ என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை திரும்பி வந்தால் வேலை வேறு ஆளுக்குப் போகும். முழுப் புத்தகத்தையும் வியாழனுக்குள் கொடுத்தாக வேண்டும், ஏனென்றால் வெள்ளிக்கிழமை யுஹான்னுஸ், நடுக்கோடைப் பண்டிகை. ஊரே பூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடும்.

போன மூன்று யுஹான்னுஸையும் அவள் இந்த அறையில்தான் கழித்தாள். அவள் கணவன் பாவோவுக்கு ஏப்ரலில் நெஞ்சைத் திறந்து அறுவை நடந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வருஷம் நிச்சயம் வருகிறேன் என்று அவன் கையைப் பிடித்துச் சொன்னாள். அந்தச் சொல்லை மட்டும் தவறவிடக் கூடாது என்பதுதான் இந்த வாரம் முழுக்க அவள் மனதில் ஓடிய ஒரே விஷயம்.

பெட்டியைச் செய்தவன் எஸ்கோ. மேல்தளத்துத் தச்சன், நாற்பது வருஷமாகச் சௌனா என்கிற நீராவிக் குளியல் அறைகள் கட்டுகிறவன். நீராவியை உள்ளே நிறுத்தத் தெரிந்தவனுக்குச் சத்தத்தை உள்ளே நிறுத்தத் தெரியாதா என்று அவள்தான் பிடித்து இழுத்து வந்தாள். இரட்டைப் பிளைவுட், நடுவே கனமான ரப்பர் விரிப்பு, உட்பக்கம் நான்கு விரல் தடிமனுக்குக் கல்பஞ்சு, அதன்மேல் கறுப்புத் துணி. காற்று போக வேண்டும், சத்தம் போகக் கூடாது. அதனால் காற்று நுழைகிற வழியையும் வெளியேறுகிற வழியையும் நேராக விடாமல் இடது, வலது, மறுபடி இடது என்று மடக்கி மடக்கிக் கட்டினான். ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சு கொஞ்சம் சத்தத்தைத் தின்னும். கடைசி மடிப்பில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு விசிறி, அவசரமே இல்லாமல் சுற்றும். இத்தனையும் சேர்ந்து பெட்டி ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

திங்கள்கிழமை கதவு மாட்டும்போதுதான் எஸ்கோ முரண்டு பிடித்தான்.

“வெளிப்பக்கம் நாலு கொக்கி எதுக்கு இர்மெலி? காந்தம் வச்சா போதாதா?”

“போதாது. ரப்பர் நசுங்கணும். நசுங்கினாத்தான் சத்தம் அடங்கும்.”

“உள்ள இருந்து திறக்க ஒண்ணுமே இல்லையே.”

“ஏன், கம்ப்யூட்டர் வெளிய வந்து காப்பி குடிக்கப் போகுதாக்கும்?”

“சிரிக்காத. சௌனாக் கதவு எப்பவும் வெளிப்பக்கமா, தள்ளின உடனே திறக்கணும். தாழ்ப்பாள் போடவே கூடாது. எங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுத்த மொதல் பாடமே அதான். ஆள் உயரத்துல ஒண்ணச் செஞ்சு அதுக்கு வெளிய கொக்கி போடறது என் கைக்கே பிடிக்கல.”

“அப்ப கண்ண மூடிக்கிட்டுப் போடு.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே போட்டான். நான்கையும் இறுக்கினான். கடைசிக் கொக்கி விழுந்ததும் அறையிலிருந்து ஏதோ கழன்று விழுந்தது மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷத்து இரைச்சல் நின்றுவிட்டது. இர்மெலி கதவில் காதை ஒட்டிப் பார்த்தாள். “ஒண்ணும் கேக்கல எஸ்கோ! ஒண்ணுமே கேக்கல!” என்று சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள்.

உடனே மைக் முன்னால் போய் நின்றாள். ஒலிப்பதிவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வார்கள். அந்த ஒரு நிமிடம் யாரும் அசையக் கூடாது. பிறகு வாசிப்பில் இருமலோ நாற்காலி முனகலோ வந்தால் அதை வெட்டிவிட்டு, அந்த ஓட்டையை இந்த வெறுமையால் அடைப்பார்கள். “அறையின் நிசப்தம், ஒரு நிமிடம், ஜூன் பதினேழு, திங்கள்” என்று சொல்லிவிட்டு ஹெட்போனில் காதைக் கொடுத்து நின்றாள்.

இருபதாவது வினாடியில் டொக், டொக். கொஞ்சம் விட்டு மறுபடி டொக், டொக். தடித்த மெத்தைக்குப் பின்னால் யாரோ தட்டுகிற மாதிரி, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெல்லியது. பழைய கட்டிடம், தண்ணீர்க் குழாயாக இருக்கும். திரையில் அந்த இடத்தைத் தேர்ந்து அழித்தாள். நல்ல நிசப்தத்தை எடுத்து அங்கே ஒட்டினாள். மவுஸ் ஒரு சொடுக்கு. பத்தொன்பது வருஷத்தில் அவள் இப்படிப் பெருக்கித் தள்ளிய குப்பைக்குக் கணக்கே கிடையாது. அழிப்பதை நின்று கேட்கிற பழக்கம் அவளுக்கு எப்போதோ போய்விட்டது.

ஆகவே செவ்வாய்க்கிழமை அந்த முப்பத்தாறு புள்ளி ஆறைப் பார்த்தபோது அவள் தட்டுச் சத்தத்தை நினைக்கவில்லை. எஸ்கோவைக் கூப்பிட்டாள். அவன் வந்து வெப்பமானியை முறைத்தான்.

“கம்பி முனை உள்ள தொங்குது, உன் தோள் உயரத்துல. எதுமேலயாவது பட்டுக்கிட்டிருக்கும். இல்லாட்டி மலிவுச் சாமான், புத்தியக் காட்டுது.”

பெட்டியின் தலையில் காற்று வெளியேறும் வாயருகே உள்ளங்கையை வைத்தான். சட்டென்று எடுத்துக் காற்சட்டையில் துடைத்தான்.

“என்ன?”

“ஈரமா இருக்கு.”

“கம்ப்யூட்டர் காத்து வறண்டுல்ல இருக்கும்?”

“பசை காயுது. வேற என்ன இருக்கப் போவுது?” என்றான். ஆனால் ஒரு நிமிஷம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். “திறந்து பாத்துடலாமா?”

திறந்தால் ரப்பரை மறுபடி ஒழுங்காக உட்கார வைக்க அரை நாள் போகும். நாவலை வாசிக்க வருபவள் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. “வியாழக்கிழமை வேலை முடியட்டும்” என்றாள் இர்மெலி. இயந்திரங்களை வெளியே வைத்த பொத்தானாலேயே போட்டாள். அவை ஓடத் தொடங்கியும் எண் ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

சனெல்மா எழுபது வயதான மேடை நடிகை. துப்பறியும் நாவலின் கொலைகாரன் யார் என்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதாகவும், மிச்சம் முந்நூறு பக்கத்தையும் அதற்கான தண்டனையாக வாசிப்பதாகவும் சொல்லிக்கொண்டிருப்பவள். பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னடி இது, நிக்க வச்சுப் புதைக்கறதுக்குச் செஞ்சதா?”

“கம்ப்யூட்டருக்கு வீடு, சனெல்மா. உள்ள போய் உக்காருங்க, நேரமாச்சு.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சனெல்மா வாசிக்க உட்கார்ந்தாள். வாசிப்பவர் தப்புச் செய்தால் இர்மெலி கண்ணாடியில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவாள். நிறுத்து, மறுபடி வாசி என்று அர்த்தம். அவளிடம் வேலை செய்த எல்லோருக்கும் அது தெரியும். பதினோராம் பக்கத்தில் சனெல்மா நிறுத்தினாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

“நல்லாத்தானே வாசிச்சேன். ஏன் தட்டினே?”

“நான் தட்டலையே.”

“ரெண்டு தட்டு. உன் தட்டு எனக்குத் தெரியாதா?”

“குழாய் சனெல்மா. பழைய கட்டிடம்.”

“குழாய்க்கு என் வாசிப்புல என்ன தப்பு தெரிஞ்சுதாம்?” என்று கேட்டுவிட்டு அவள் வாசிப்பைத் தொடர்ந்தாள். அன்றைக்கு மொத்தம் ஏழு இடத்தில் இர்மெலி இரண்டிரண்டு தட்டுகளாக அழிக்க வேண்டியிருந்தது. ஏழையும் அழித்தாள்.

புதன்கிழமை வெப்பமானி முப்பத்தெட்டு புள்ளி ஒன்று காட்டியது. அறையில் ஏதோ சரியில்லை, ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற சங்கதி இல்லை. ஒரு அறை எவ்வளவு பெரியது என்று பார்க்க இர்மெலி கைதட்டிப் பார்ப்பாள். கைதட்டல் சுவரில் பட்டுத் திரும்புகிற நேரம் அவளுக்கு முழநாடா மாதிரி. அன்று தட்டியபோது சத்தம் திரும்பவே இல்லை. கையிலிருந்து கிளம்பியதும் முகத்துக்கு நேரே எதுவோ அதை விழுங்கிக்கொண்டது. செங்கல் சுவர் அதே இடத்தில், ஆறு அடி தள்ளித்தான் இருந்தது. போய்த் தொட்டுப் பார்த்தாள். கல் குளிர்ந்தே இருந்தது. கண் ஆறு அடி என்றது. காது ஒரு முழம் என்றது. பத்தொன்பது வருஷமாகக் காதை நம்பிப் பிழைத்தவளுக்கு எதை நம்புவதென்று தெரியவில்லை.

“என் குரல் என் மூஞ்சியிலேயே வந்து அடிக்குதுடி” என்றாள் சனெல்மா மத்தியானம். “போர்வைக்குள்ள பேசற மாதிரி இருக்கு. எனக்கு மூச்சு முட்டுது, நான் கொஞ்சம் வெளில போயிட்டு வரேன்.”

அவள் வெளியே போயிருந்தபோது இர்மெலி ஹெட்போனை மாட்டினாள். தட்டுச் சத்தம் இல்லை. வேறு ஒன்று இருந்தது. துணியின் மேல் நகம் இழுபடுகிற மாதிரி, மேலிருந்து கீழே, மெதுவாக. வெகுநேரம் கழித்து மறுபடி, மேலிருந்து கீழே. எலி என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். எலிக்கு மருந்து யுஹான்னுஸுக்கு அப்புறம் வைக்கலாம். அதையும் அழித்தாள்.

வியாழக்கிழமை எல்லாம் சரியாகிவிட்டது. வெப்பமானி இருபத்தொன்று காட்டியது, இயந்திரங்கள் ஓடும்போதுகூட இருபத்தொன்றேதான். எஸ்கோவின் காற்று வழி இப்போதுதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டாள். காலையில் பதிவு செய்த ஒரு நிமிட நிசப்தம் முதல் வினாடியிலிருந்து கடைசி வினாடி வரை சுத்தமாக இருந்தது. ஒரு தட்டு இல்லை, ஒரு உரசல் இல்லை. இவ்வளவு நல்ல நிசப்தத்தை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சனெல்மா கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நான்கு மணிக்குக் கிளம்பினாள். ஐந்து மணிக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்தது. ஆறு மணிக்குப் ‘பிரமாதமான ஒலி’ என்று பதில் வந்தது.

சாயங்காலம் ஏரிக்கரை வீட்டிலிருந்து பாவோ போனில் பேசினான். “உருளைக்கிழங்கு வாங்கிட்டேன், புதுசு, தோல் தானா உரியுது. மீனும் இருக்கு. நீ மட்டும்தான் பாக்கி.”

“நாளைக்கு ஒண்ணு பத்து ரயில்ல வரேன்.”

“ஊருல எல்லாம் பழைய படகைத்தான் பண்டிகை நெருப்புல போடுவாங்க. நீ வரலேன்னா புதுப் படகைத் தூக்கிப் போட்டுடுவேன், பாத்துக்க.”

“வரேம்ப்பா. சத்தியமா வரேன்.”

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் ஸ்டூடியோவுக்கு வந்தது ஒரே ஒரு சின்ன வேலைக்காகத்தான். பதிவுகளின் பிரதி இருக்கும் வட்டு பெட்டிக்குள் கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் நிம்மதியாகப் போகலாம். வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. தெருவில் ஆள் இல்லை. எஸ்கோ தன் வண்டியில் பிர்ச் மரக் கிளைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“இன்னும் போகலையா நீ? கட்டிடத்துல நான்தான் கடைசி. நானும் இதோ கிளம்பிட்டேன்.”

“அஞ்சு நிமிஷ வேலை.”

“உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியும். ரயிலை விட்டுடாத” என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான். இர்மெலி படியிறங்கி, பதினைந்தடி நேர் நடைவழியைக் கடந்து, ஸ்டூடியோக் கதவைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். இருபத்தொன்று.

பெட்டியின் முன் நின்று முதல் கொக்கியை எடுத்தாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவது எடுத்ததும் நசுங்கியிருந்த ரப்பர் ஒரு பெருமூச்சு விட்டது. கதவு மயிரிழை அளவுக்கு விலகி, உள்ளேயிருந்த காற்று அவள் முகத்துக்கு வந்தது. முதலில் தார்ச் சோப்பின் வாசனை. ஏரிக்கரை வீட்டில் அவள் தலைக்குத் தேய்க்கிற அதே கறுப்புச் சோப்பு, இப்போதும் அவள் முடியில் இருக்கிற அதே வாசனை. அதற்கு அடியில் வியர்வை. வியர்வைக்கு அடியில், வெயிலில் மறந்துபோன மீன் கூடையின் இனிப்பான நாற்றம். நான்காவது கொக்கியில் கையை வைத்தாள். உள்ளே கதவை ஒட்டி ஏதோ கனமாகச் சாய்ந்திருந்தது. கொக்கி அந்தப் பாரத்தில் விறைத்து நின்றது.

அவள் திறக்கவில்லை. பயம் என்று சொல்லாமல் என்ன சொல்வது? தோளால் கதவை அழுத்தி மூன்று கொக்கிகளையும் திரும்பப் போட்டாள். எலி செத்திருக்கும். பெரிய எலி. திங்கள்கிழமை எஸ்கோ வந்து திறக்கட்டும். வட்டு எங்கும் ஓடிப்போகாது. பாவோ காத்திருக்கிறான். பையைத் தூக்கிக்கொண்டு, விளக்கை அணைத்து, வெளியே வந்து ஸ்டூடியோக் கதவைச் சாத்தினாள்.

நடைவழியில் விளக்கு எரியவில்லை. பொத்தானைத் தட்டிப் பார்த்தாள், எரியவில்லை. பரவாயில்லை, பதினைந்தடி நேராகப் போனால் படிக்கட்டு, இந்தத் தூரத்தைப் பத்தொன்பது வருஷமாகத் தினம் நான்கு முறை நடந்திருக்கிறாள், தூக்கத்தில்கூட நடப்பாள். எட்டாவது அடியில் முன்னால் நீட்டிய கை சுவரில் முட்டியது. சுவர் அங்கே இருக்கக் கூடாது. தடவினாள். வழி இடது பக்கம் திரும்பியது.

செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கல் தரையில் அவள் குதிகால் எப்போதும் டக் டக் என்று பேசும். இப்போது பாதம் விழுந்த இடத்திலேயே சத்தம் செத்துப் போனது. “யாராவது இருக்கீங்களா?” என்றாள். குரல் உதட்டைத் தாண்டவில்லை. சுவரில் வைத்த கைக்குக் கீழே செங்கல் இல்லை. துணி. துணிக்கு அடியில் மெத்தென்று பஞ்சு அமுங்கியது, விரலை எடுத்ததும் மெல்ல உப்பியது.

வழி வலது பக்கம் திரும்பியது. தோள் இரண்டு பக்கமும் உரசியது. பை சிக்கியது, விட்டுவிட்டாள். திரும்பிப் போகலாம் என்று முதுகுப் பக்கம் கை நீட்டினாள். அங்கேயும் துணி. இப்போதுதான் வந்த வழி. துணி.

மறுபடி இடது.

பக்கவாட்டில் நடந்தாள். நெஞ்சில் துணி. முதுகில் துணி. மூச்சு சூடாகத் தன் முகத்துக்கே திரும்பியது. எதிரே சாம்பல் வெளிச்சம் தெரிந்தது. காற்று அந்தப் பக்கமாக மெல்லப் போனது. வெளிச்சத்தின் குறுக்கே ஏதோ நிதானமாகச் சுற்றியது. தட்டு அகலத்துக்கு ஒரு விசிறி.

இறக்கைகளின் இடைவெளியில் கண்ணை வைத்தாள். கீழே ஒரு அறை தெரிந்தது. செங்கல் சுவர். மைக். கண்ணாடித் தடுப்பு. எஸ்கோ குனிந்து திருப்புளியைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் அவளைப் போலவே நரைத்த கூந்தலை உச்சியில் முடிந்த ஒருத்தி, திங்கள்கிழமை இர்மெலி போட்டிருந்த அதே நீலச் சட்டையோடு நின்றாள்.

“நாப்பது வருஷத்துல கொக்கி போட்ட கதவு இதான் மொத தடவை” என்றான் எஸ்கோ. குரல் நூல் மாதிரி வந்தது.

“எஸ்கோ!” என்று கத்தினாள். “எஸ்கோ, நான் உள்ள இருக்கேன்! எஸ்கோ!”

நான்காவது கொக்கி விழுந்தது. வெளிச்சம் மேலே நழுவிப் போனது. காலடியில் தரை இல்லாத மாதிரி இருந்தது, பிறகு பலகை இருந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். உட்கார இடம் இல்லை. முழங்காலில் கம்ப்யூட்டரின் பின்பக்கச் சூடு. எதிரே ஒரு சாண் தூரத்தில் கதவு. மேலிருந்து தொங்கிய கம்பி ஒன்றின் குளிர்ந்த முனை அவள் கழுத்து மடிப்பில் வந்து படிந்தது. தலையைத் திருப்பினாள். முனையும் கூடவே வந்தது.

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கல்பஞ்சு எல்லாவற்றையும் குடித்தது. நல்ல பஞ்சு, அவளே பொறுக்கி வாங்கியது. கதவைத் தோளால் இடித்தாள். இடிக்க இடம் இல்லை. கைப்பிடியைத் தேடினாள். உட்பக்கம் கைப்பிடி இல்லை.

கதவின் அந்தப் பக்கம் ஏதோ வந்து ஒட்டியது. ஒரு காது. அவளுக்குத் தெரியும் அது யார் காதென்று. அதே உயரத்தில் தன் வாயை வைத்து, உள்ளே இருந்து, தன் பெயரைச் சொல்லிக் கதறினாள். திறடி. திறடி இர்மெலி.

மேலே காற்று வழியாக மூன்று மடிப்பு கடந்து அந்தக் குரல் சன்னமாக இறங்கி வந்தது. “ஒண்ணும் கேக்கல எஸ்கோ! ஒண்ணுமே கேக்கல!” கைதட்டும் சத்தம். பிறகு நாற்காலி நகர்ந்தது. பிறகு அவளுடைய சொந்தக் குரல், வேலைக் குரல், நிதானமாகச் சொன்னது.

“அறையின் நிசப்தம், ஒரு நிமிடம், ஜூன் பதினேழு, திங்கள்.”

திங்கள். இர்மெலி இருட்டில் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. இன்றைக்கு வெளியே நிற்பவள் குழாய் என்பாள். நாளைக்கு எஸ்கோ காற்று வாயில் கை வைப்பான், திறந்து பார்க்கலாமா என்பான், வேண்டாம் என்பாள். சனெல்மாவுக்குக் கேட்கும், அவளையும் குழாய் என்று சொல்லி அடக்குவாள். புதன்கிழமை காய்ச்சல். கை தூக்க முடியாமல் நகத்தால் துணியைக் கீறுவது. வியாழக்கிழமை அந்த நிமிடம் முழுக்கச் சுத்தமாக இருக்கும், வெளியே இருப்பவள் சந்தோஷத்தில் அழுவாள். வெள்ளிக்கிழமை மூன்று கொக்கிகள் திறக்கும்.

பாவோ உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

பத்து வினாடி ஆகியிருக்கும். பதினைந்து. வெளியே ஹெட்போனுக்குள் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். இப்போது கேட்டால் உண்டு. இர்மெலி கறுப்புத் துணியை இரண்டு கையாலும் பிய்த்தாள், பஞ்சை வாரி எறிந்தாள், பிளைவுட் விரலில் பட்டது. விரல் முட்டியை மடக்கினாள். நிறுத்து, மறுபடி. இந்த ஒன்றை அவள் அடையாளம் கண்டாக வேண்டும்.

டொக், டொக்.

விசிறி சுற்றியது.

டொக், டொக்.

வெளியே மவுஸ் ஒரு முறை சொடுக்கியது.